பாசி பிடித்த மாப்பிள்ளை

“ஏலே ஜெனோ, மீன் எங்கலே?”

ரெபேக்காள் கண்ணாடித் தொட்டியின் முன்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் மகன் ஜெனோ ஆசை ஆசையாக அமைத்த கடல்நீர்த் தொட்டி அது. உள்ளே பாறை உண்டு, பாறைமேல் பவளம் உண்டு, வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் ஜோடி உண்டு. இதெல்லாம் உண்டு என்பது ஜெனோ சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். பார்க்கிறவர்களுக்குத் தெரிந்தது பச்சைப் பாசி மட்டும்தான். முடி முடியாக வளர்ந்து கிடந்தது. சடை பின்னிப் பூ வைத்துவிடலாம்.

“உள்ளதாம்மா இருக்கு.”

“மறு ஞாயித்துக்கிழம பொண்ணு வீட்டுக்காரவ வீடு பாக்க வருதாவ. நடு ஹால்ல பாசிக் குளத்தத் தூக்கி வச்சிருக்க. ஒண்ணு இது சுத்தமாவணும், இல்ல தெருவுக்குப் போவணும். சொல்லிட்டேன்!”

ஜெனோவுக்குத் தொட்டியும் வேண்டும், வீரகேரளம்புதூரில் பார்த்திருக்கும் பெண் ஜெஸியும் வேண்டும். அவளோடு போனில் ஒரே ஒரு தடவைதான் பேசியிருந்தான். அதிலிருந்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும்போதுகூட அவள் சிரிப்புதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

பாசி போக வேண்டுமானால் சுத்தமான தண்ணீர் மாற்ற வேண்டும் என்று இணையத்தில் போட்டிருந்தது. அதற்கான வடிகட்டும் மெஷினின் விலையைப் பார்த்துவிட்டு ஜெனோ போனைக் கவிழ்த்து வைத்தான். தென்காசிக்காரனுக்கு எதற்கு மெஷின்? சாரல் அடிக்கிறது, குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது. மூலிகைத் தண்ணீர்! மனுஷனுக்குச் சொறி சிரங்கே போகிறது, பாசி போகாதா? கேனோடு போய்க் கூட்டத்தில் முண்டியடித்துப் பிடித்துக்கொண்டு வந்தான். உப்பைக் கலந்து தொட்டியில் ஊற்றினான்.

மறுநாள் தண்ணீர்மேல் எண்ணெய் மினுமினுத்தது. மூலிகை மலைமேல் இருக்கலாம். அருவிக்குக் கீழே இருந்தது, மஜா பண்ண வந்தவர்கள் தலையில் தேய்த்த நல்லெண்ணெயும் ஷாம்பூவும்தான். பாசி அதையும் குடித்துவிட்டு இரட்டிப்பாகக் கொழுத்திருந்தது.

சரி, தேய்த்தே எடுத்துவிடலாம் என்று பிரஷ்ஷோடு இறங்கினான். பிய்ந்த துணுக்கெல்லாம் மிதந்து போய், அதுவரை பாசி இல்லாத பாறையிலும் குடித்தனம் ஆரம்பித்தது.

“ஏலே, இது யாரு பிரஷ்லே?”

“பழசும்மா.”

“பழசுன்னாலும் அதுலதாம்லே நான் பல்லு வெளக்கிட்டிருக்கேன்!”

அடுத்து, தூத்துக்குடி நண்பன் பாண்டியராஜ் பாசி தின்னும் கடல் நத்தைகளைப் பஸ்ஸில் கொடுத்துவிட்டான். நத்தைகள் ஆளுக்கு ஒரு வாய் தின்றன. பிறகு கூட்டமாகப் போய்த் தண்ணீர் வெளியேறும் குழாயை அடைத்துக்கொண்டன. ஜெனோ வேலை முடிந்து வரும்போது தொட்டி வழிந்து ஹாலெல்லாம் உப்புத் தண்ணீர். ரெபேக்காள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சோபாமேல் நின்றாள்.

“இதுக்குத் திருச்செந்தூர்லயே குடியிருந்திருக்கலாம்லே, அங்கன காத்தாவது வரும்!”

கல்யாணத் தரகர் ஏசுதாசன் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார். வாசலிலேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“தம்பி, பொண்ணு வீட்டுக்காரவ ஏற்கெனவே நாலு மாப்பிள்ளைய வேண்டாம்னுட்டாவ. அஞ்சாவதா நீங்க ஆயிராதீங்க.”

ஜெனோ மறுநாள் விடிந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு சோபாவில் சரிந்து கிடந்தான். ஜெபத்தை முடித்துவிட்டு வந்த ரெபேக்காள் அவனைக் கவனிக்கவில்லை. தொட்டி மூடியைத் தூக்கி எதையோ பிய்த்துப் போட்டாள்.

“யம்மா! என்னத்தப் போடுத?”

“தோச. தெனமும் ஒரு விள்ளல் போடுவேன். பாவம்லா, வாயத் தொறந்து தொறந்து கேக்குதுலே.”

“அது மூச்சு விடுதும்மா!”

“பசிச்சாலும் அப்படித்தாம்லே விடும்.”

மீன் தின்றது போக மிச்சத் தோசையெல்லாம் அழுகிப் பாசிக்கு உரமாகியிருக்கிறது! ஜெனோவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. முதல் காரியமாக மூடிக்குப் பூட்டுப் போட்டான். மினரல் வாட்டர் கேன் வாங்கி உப்பைக் கலந்தான். பாசியைக் கையால் பிய்க்கப் பிய்க்க, ரப்பர் குழாயால் உறிஞ்சி வாளியில் இறக்கினான். பிறகு விளக்கை அணைத்து, தொட்டியைக் கறுப்புப் போர்வையால் சுற்றிக் கட்டினான். வெளிச்சமும் கிடையாது, தோசையும் கிடையாது. மிச்சப் பாசி பட்டினியில் வெளுத்துச் செத்தது. சனிக்கிழமை போர்வையை அவிழ்த்து விளக்கைப் போட்டவன், அம்மாவைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து பெண் வீட்டார் வந்தார்கள். ஜெஸியின் அப்பா, அம்மா, சித்தி ஜாய். காபியும் முறுக்கும் கொடுத்த கையோடு ரெபேக்காள் கண்ணைக் காட்டினாள். ஜெனோ தொட்டிக்கு முன்னால் தொங்கவிட்டிருந்த திரையை விலக்கினான்.

அடடா! கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. பவளம் ஊதாவும் ரோஸுமாக விரிந்திருந்தது. மீன் ஜோடி கல்யாண ஊர்வலம் போல் ஒரு வலம் வந்தது. “ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்று ரெபேக்காள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். மெஷின் இல்லை, மருந்து இல்லை, கேன் தண்ணீரும் ஒரு போர்வையும்தான்! ஜெனோவுக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

ஆனால் ஜெஸியின் அப்பா தொட்டியை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், பின்னால் எட்டியும் பார்த்தார். முகம் தொங்கிப்போனது. அம்மா கடித்த முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

ரெபேக்காள் கிட்டே ஓடி வந்தாள். “என்ன அண்ணாச்சி, எதும் குறையா?”

சித்தி ஜாய்தான் போட்டு உடைத்தாள்.

“சுத்தமா இருக்கதுதான் கொற மைனி! எங்க ஜெஸி ரூம்ல பதினோரு பூன கெடக்கு, உள்ள கால் வைக்க முடியாது. தரகர் அண்ணாச்சி அனுப்புன மாப்பிள்ள போட்டோவுல பின்னால தெரிஞ்ச அந்தப் பச்சத் தொட்டியப் பாத்துட்டுத்தான், ‘இத ஹால்ல வச்சிருக்க வீட்ல என்னய ஒண்ணும் சொல்ல மாட்டாவ, கட்டுனா இவரத்தான்’னு ஒத்தக் கால்ல நிக்கா. பரவால்ல, கல்யாணத்துக்குள்ள பாசி திரும்ப வந்துரும்லா?”