பதினாறு லாரி பல்பும் லோடு அண்ணாச்சியும்

அச்சடித்த எழுத்தை நம்பாத மனிதர் ராஜபாளையத்தில் ஒருவர்தான் உண்டு. லோடு அண்ணாச்சி. கல்யாணப் பத்திரிகை வைத்தால்கூட மண்டபத்துக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டுத்தான் வேட்டியை இஸ்திரிக்குக் கொடுப்பார்.

மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்று, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். தங்கச்சி மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், காபி வருவதற்குள் மீட்டர் பெட்டியைத் திறந்து, "எர்த் இல்லாத வீட்ல எப்படிம்மா பிள்ளைய வளத்தீய?" என்று கேட்டவர். அன்று மாலையே குழி தோண்டி எர்த் போட்டார்கள். சம்பந்தமும் முடிந்தது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடை மாடியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவன். என் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை ஒருநாள் புகைந்து போனது. ஆயிரம் வாட்ஸில் புதிது வாங்கினேன். கேபிள்களைத் தனித்தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் வகை. அதைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"அவசரம் அண்ணாச்சி. நான் எடிட் பண்ற ஒரு கல்யாணம் முடிஞ்ச பத்தாம் நாள் பொண்ணோட அப்பா தவறிட்டாரு. அவரு சிரிச்சுப் பேசுனதெல்லாம் என் டிஸ்க்ல மட்டுந்தான் இருக்கு. அந்தப் பிள்ள நாளைக்கு வருது."

"டப்பால ஆயிரம்னு எழுதிருக்கான். எழுத எம்புட்டு நேரம் ஆகும்? செத்த நேரம் உக்காருலே."

பலகையில் வரிசையாக மாட்டிய பதினாறு லாரி ஹெட்லைட் பல்புகளைப் புதுக் கேபிள்களில் இணைத்து, ஆயிரம் வாட்ஸ் லோடு ஏற்றி எரியவிட்டார்; அவர் பேருக்கு முன்னால் 'லோடு' ஒட்டிக்கொண்டது இதனால்தான். எதிர் டீக்கடையில் மாஸ்டர் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டார். பழகிவிட்டது அவருக்கு. அண்ணாச்சி மீட்டரைப் பார்ப்பார், தொட்டுப் பார்ப்பார், குனிந்து மோந்து பார்ப்பார். இரண்டு மணி நேரம் கழித்து, "தாங்குது. கொண்டு போ" என்றார்.

பறந்தேன். பறந்த வேகத்தில் கேபிள்களை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டேன். மாடிக்கு வந்துதான் கவனித்தேன். அதனாலென்ன, பழைய பவர் சப்ளையின் கேபிள்கள் பெட்டிக்குள்ளேயே இருந்தன. சொருகினேன், கச்சிதமாக உட்கார்ந்தன. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு சுவிட்சுக்கு விரலைக் கொண்டு போனேன்.

அதற்குள் விளக்கு அணைந்தது, ஃபேன் நின்றது. கீழே பால்கோவாக் கடைக்காரர் கத்தினார்: "யாருய்யா பீஸைப் புடுங்குனது?"

படியேறி வந்தார் அண்ணாச்சி. கட்டியிருந்த கைலியோடு பஸ் ஏறியிருக்கிறார். ஒரு கையில் மூன்று ஃபியூஸ் கட்டை, மறு கையில் என் கேபிள் பை.

"போன எடுக்க மாட்டியாலே? பழைய கேபிளச் சொருகிருவியோன்னுதான் ஓடியாந்தேன். சொருகுற வாய் ஒண்ணா இருந்தா, உள்ள ஒயரும் ஒண்ணா இருக்குமா? ஒவ்வொரு கம்பெனிக்காரனும் ஒவ்வொரு மாதிரி வச்சிருப்பான். அஞ்சு வோல்ட் போற எடத்துல பன்னெண்டு போயிருந்தா, டிஸ்க் கருகியிருக்கும். பொறவு அந்தப் பிள்ள அவிய அப்பாவ எங்க போய்ப் பாக்கும்?"

எழுந்து அவருக்கு இடம் விட்டேன். அவரே உட்கார்ந்து கேபிள்களை மாற்றினார். ஃபியூஸைப் போட்டுவிட்டு வந்து, திரையில் அந்த மனிதர் மகள் தலையில் அட்சதை தூவிச் சிரிப்பதை முழுசாகப் பார்த்த பிறகுதான் எழுந்தார்.

பவர் சப்ளைக்காரன் பத்து வருஷ வாரண்டி கொடுத்திருக்கிறான். இருக்கட்டும். போன் எடுக்கவில்லையே என்று பதறி, கட்டிய கைலியோடு பஸ் ஏறி வர எனக்கு அண்ணாச்சி ஒருத்தர்தான் இருக்கிறார்.