ஐந்தாவது பகுதியை நீக்கிவிடுங்கள், மாப்பிள்ளை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். காது மட்டும் இன்னும் குய்யென்கிறது, சரியாகிவிடும். அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்களுடைய போன கச்சேரியில் நான் மேடையேறி மெயின் சுவிட்சை அணைத்ததிலிருந்து நீங்கள் என்னோடு பேசுவதில்லை. ஐந்து மாதமாகிறது. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் காதில் அப்படியொரு கரகரப்பு விழுந்தால் கை தானாகச் சுவிட்சைத் தேடும். பாதி அரங்கம் எழுந்து கைதட்டியது. அவர்கள் உங்கள் ரசிகர்களா, விரோதிகளா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கண்ட கண்ட சத்தத்தையெல்லாம் பதிவு செய்து இப்போது நீங்கள் போட்டிருக்கும் ஆல்பத்துக்கும் அதே கதைதான், ஒரு பத்திரிகை உங்களை மேதை என்கிறது, இன்னொன்று காது டாக்டரிடம் போகச் சொல்கிறது. நான் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். மகள்தான் சிடியை அனுப்பிவிட்டுப் போனில் கறாராகச் சொன்னாள்: "அப்பா, முழுசா, நடுவுல எந்திரிக்காம, கைல ஸ்குரூடிரைவர் இல்லாம ஒரு தடவை கேளுங்க. கேட்டுட்டு மனசுல பட்டதை மறைக்காம அவருக்கு எழுதுங்க. அப்புறம்தான் நாங்க அங்க வர்றதப் பத்திப் பேச்சு." அவளைப் பார்க்காமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஞாயிறு மதியம் கூடத்தில் உட்கார்ந்தேன். அட்டையில் ஏதோ பொடி எழுத்தில் போட்டிருந்தது. கண்ணாடி கைக்கு அகப்படவில்லை, கேட்பதற்குக் கண்ணாடி எதற்கு என்று விட்டுவிட்டேன். அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள். முதல் பகுதி க்ரீச்சென்று ஆரம்பித்ததும் வாசல் கேட்டுக்கு எண்ணெய் விட ஓடினேன், அது எழுந்ததில் சேராது, பராமரிப்பில் சேரும், போய்ப் பார்த்தால் கேட்டு சும்மா நிற்கிறது, திரும்பி வந்தால் கீழ்வீட்டுத் தையல்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு நிற்கிறார். "சார், உங்க மோட்டார் எரியுது!" "எரியலைங்க, எங்க மாப்பிள்ளைதான்." உடனே வாளியைக் கீழே வைத்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இரண்டாவது பகுதியில் நாலு நிமிஷம் சத்தமே இல்லை. பிளேயர் போய்விட்டதென்று பின்மூடியைக் கழற்றி, ஸ்குரூடிரைவரைத் தொடவில்லை, காய் நறுக்கும் கத்தியால்தான், உள்ளே தலையை விட்ட நேரம் பார்த்து டமாலென்று ஒன்று போட்டீர்களே, தையல்காரர் வாளியை உதைத்து, மடித்த துணியெல்லாம் நனைந்து, அத்தை என்னைத் திட்டியதைப் பதிவு செய்திருந்தால் உங்களுக்கு இன்னொரு ஆல்பம் தேறியிருக்கும்.

மூன்றாவது பகுதி பழைய லிஃப்ட். கம்பிக்கதவு இழுபட்டு, ரிலே சுவிட்ச் டக்கென்று விழுந்து, மோட்டார் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளம்புகிறது. இந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்க என்னைத் தவிர இன்னொரு மனுஷன் இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது, மாப்பிள்ளை. அழுகை வந்துவிட்டது. தையல்காரரிடம் கண்ணில் தூசி என்றேன். நாலாவது மழை, குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்த ஐந்தாவது பகுதி! எவனோ ஒரு கிழவன் தொண்டையைச் செருமுகிறான், கர்கர் என்று வாய் கொப்பளிக்கிறான், செருப்பைத் தேய்த்துக்கொண்டு வீடு முழுக்க நடக்கிறான், சுருதி சேராமல் முனகுகிறான், "எங்கடி வச்ச என் கண்ணாடிய?" என்று பெண்டாட்டியைக் குடைகிறான். முழுசாக ஆறு நிமிஷம்! "தலைலதான்யா இருக்கும், தடவிப் பாரு!" என்று நானே கத்திவிட்டேன். இந்த ஆளோடு குடித்தனம் நடத்துகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. தையல்காரர் என்னையே ஒரு மாதிரி பார்த்தார். அத்தை ஈரத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள், அவளுக்கும் குமட்டியிருக்கும். மறைக்காமல் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்: அந்தப் பகுதியை நீக்கிவிடுங்கள். மற்றதை எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம்.

நீங்கள் இருவரும் நடுவழியில் எங்கும் நின்றுவிடாமல், பழுதில்லாமல் நெடுங்காலம் ஓட ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்.

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். உறையை ஒட்டுவதற்கு முன் அத்தை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "தலைல இருக்கிற கண்ணாடிய இறக்கி அந்த அட்டையப் படிங்க" என்றாள். தடவிப் பார்த்தேன், இருந்தது. படித்தேன். ஐந்து: 'மாமா, காலை ஆறரை மணி.' போன வருஷம் இங்கே தங்கியிருந்தபோது குளியலறை வாசலில் மைக்கும் கையுமாகக் குந்தியிருந்தீர்களே, எலி பிடிக்கிறீர்கள் என்றல்லவா நினைத்தேன்! மகள் அங்கே தினமும் அதைக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறாளாம். அத்தை இப்போதுதான் சொல்கிறாள். அந்தப் பகுதியில் கை வைக்காதீர்கள். ஒரே ஒரு குறை: நான் மூன்று தடவை கொப்பளிப்பேன், இரண்டுதான் பதிவாகியிருக்கிறது. மைக்கை எடுத்துக்கொண்டு இருவரும் உடனே புறப்பட்டு வரவும்.