மைனஸ் வாத்தியாரும் என் முதல் குறியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகத் தயங்கினேன். அவர் கண்ணில் பட்டால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடுவார் என்கிற பயம்தான். ஆனது ஆகட்டும்.

காரைக்குடியில் கழித்தல் குறிக்காக உயிரையே கொடுக்கக்கூடிய மனிதர் ஒருவர்தான். எங்கள் டுடோரியல் கணக்கு வாத்தியார். ஊரே அவரை மைனஸ் வாத்தியார் என்றுதான் கூப்பிட்டது. அவர் போடும் மைனஸ் கரும்பலகையைத் தாண்டிச் சுவரில் போய் முடியும். டீக்கடையில் 'சீனி மைனஸ்' என்பார். யாராவது கணக்கில் மைனஸை விட்டுவிட்டால் திட்டமாட்டார். டார்ச்சை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்கடியில் தேடுவார்.

"இங்குட்டுத்தான் விழுந்திருக்கும். காலத் தூக்குங்க."

என் பெஞ்சுக்கடியில்தான் அதிகம் தேடினார். இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, சத்துணவு அமைப்பாளர் வேலைக்காகப் பத்தாவது எழுத அமராவதிபுதூரிலிருந்து பஸ் ஏறி வந்தவள் நான். கணக்கில் ஏற்கெனவே ஃபெயில். இன்னொரு தடவை போனால் வேலையும் போய்விடும். இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரமோ 'மைனஸ் பி' என்று தொடங்குகிறது. வெளியே கிளம்பும்போது 'போறேன்' என்றுகூடச் சொல்லாத குடும்பம் எங்களுடையது. பிள்ளையார் சுழி போட்ட கையால் முதல் குறியே கழித்தலா? கை வராது. வெறும் 'பி' என்று தொடங்குவேன். விடை தப்பும்.

ஒருநாள், டார்ச்சோடு குனிந்தவரிடம் இதைச் சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. போய்ப் பலகையை அழித்தார். ப்ளஸ் ஆர் மைனஸ் வர்க்கமூலத்தை முன்னால் எழுதி, மைனஸ் பி-யை அதற்குப் பின்னால் வைத்தார். கீழே டூ ஏ அப்படியே.

"விடை மாறாதுக்கா. சாமியக் கும்பிட்டு ப்ளஸ்லயே ஆரம்பிங்க. ஆனா பின்னாடி வாரவுகள வாசல்லயே நிறுத்திப்புடாதீக."

பரீட்சையில் எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் டூ எக்ஸ் மைனஸ் பதினைந்து வந்தது. மூலத்துக்குள் அறுபத்து நான்கு, வெளியே எட்டு. எட்டில் இரண்டு போக ஆறு, பாதி மூன்று. மைனஸ் எட்டில் இன்னும் இரண்டு போக மைனஸ் பத்து, பாதி மைனஸ் ஐந்து. இரண்டையும் எழுதினேன். பாஸ். இன்று சத்துணவுக் கூடத்துச் சாவி என் இடுப்பில்.

இதை யாரிடமாவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. வெள்ளிக்கிழமை கொப்புடையம்மன் சன்னதியில் அர்ச்சனைக்கு யார் பெயர் என்று குருக்கள் கேட்பார். மைனஸ் வாத்தியார் என்பேன். அம்மனுக்கு ஆள் தெரியும்.