இன்ஜின் இல்லாத ரேஸ் கார்

ஆரணியில் உலகத் தரமான ரேஸ் கார் ஒன்றை என் கையாலேயே செய்து முடிப்பது என்று 1998-ல் தீர்மானம் எடுத்தேன். பட்டு நெய்கிறவனுக்கு எதற்கு இந்த வேலை என்று நீங்கள் கேட்க வேண்டாம். என் மனைவி ஹேமலதா உங்கள் பங்குக்கும் சேர்த்துக் கேட்டுவிட்டாள்.

தப்பு என் மேல் இல்லை. பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு இங்கிலீஷ் புத்தகத்தின் மேல். பக்கத்துக்குப் பக்கம் கார். இத்தாலிக்காரனுக்கு அரக்குச் சிவப்பு. இங்கிலாந்துக்காரனுக்குப் பாசிப் பச்சை. பிரெஞ்சுக்காரனுக்கு நீலம். ஜெர்மன்காரனுக்குச் சுத்த வெள்ளி. அமெரிக்காவிலோ பழைய காரை வாங்கி, கூரையை அறுத்து, பெரிய இன்ஜினை வைத்து, மூக்கில் தீ எரிகிற மாதிரி பெயின்ட் அடிக்கிறார்கள். ஹேமா எட்டிப் பார்த்தாள்.

"கலரு ஜோரா கீது. பொடவையில வந்தா ஓடும்."

"ரோட்டுல ஓடும் ஹேமா! மணிக்கு நூத்தம்பது மைலு!"

"நம்ம ரோட்டுலயா?"

தேசூரில் ஒரு ரைஸ் மில்லில், கோழிகள் முட்டையிடும் இடமாக இருந்த பழைய மோரிஸ் மைனர் காரை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டாயில் விட்டேன். அமெரிக்கா மாதிரியே கூரையை அறுத்தேன். மெக்கானிக் இன்னாசிமுத்து இன்ஜினைக் கழற்றி எடுத்துப் போனார். மூன்று வருஷமாக அது "ரெடி ஆயிகினே கீது."

2001 மாசி மாதம் ஹேமா குண்டு போட்டாள்.

"சித்திரையில கொட்டாயில புதுத் தறி போடப் போறோம். போளூர் பழைய இரும்புக்காரர வரச் சொல்லிக்கிறேன். காரக் குடுத்துடுங்க."

அந்தக் கார் இல்லாவிட்டால் நான் வெறும் ஜெயவேல். அழுதால் எடுபடாது. பட்டினி கிடந்தால் அரிசி மிச்சம் என்பாள். ஆவி ஒன்றுதான் வழி என்று முடிவு செய்தேன்.

"ஹேமா, உங்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். அந்தக் கார்ல ஒருத்தரு இருக்காரு."

"யாரு?"

"இராஜமாணிக்கம்னு ஒரு ரேஸ்காரரு. மொதல்ல வந்து கோட்டத் தாண்டுன சந்தோஷத்துல, ஸ்டீயரிங்கப் புடிச்சபடியே நெஞ்சடைச்சிப் போயிட்டாரு. கார வெளிய தள்னா, எறங்கி வூட்டுக்குள்ள வந்துடுவாராம்."

சிரிப்பாள் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கொட்டாய்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"கல்யாணம் ஆனவரா?"

"இல்ல..."

"ஐயோ பாவம். அமாவாசைக்குப் படையல் வைக்கக்கூட ஆள் இல்லாதவரு. நான் வைக்கிறேன்."

அன்றே இரும்புக்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். பத்து வருஷக் குடித்தனத்தில் நான் ஜெயித்த முதல் ரேஸ் அது.

பங்குனி அமாவாசை வந்தது. அமாவாசையன்று எங்கள் தெருவில் யாரும் தறி நெய்ய மாட்டோம். மற்ற நாளில் நாற்பது தறியும் சேர்ந்து தட்டும். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருக்கிறவர்கள் நாங்கள். அது நின்றால் காதை யாரோ பொத்தின மாதிரி இருக்கும். காருக்கு முன்னால் வாழையிலையில் பால் சோறு, வடை, பாயசம் எல்லாம் வைத்துவிட்டு ஹேமா எங்கோ போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும். உச்சி வெயிலில் தெருவே செத்துக் கிடந்தது.

கொட்டாயிலிருந்து சத்தம் வந்தது.

டொக். டொக். டொக்.

நிதானமாக, விட்டுவிட்டு. ஒரு பழைய இன்ஜின் அவசரமில்லாமல் காத்திருக்கிற சத்தம். இன்ஜின் இன்னாசிமுத்துவிடம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஆறுதலாக இல்லை.

கதவைத் தள்ளினேன். சத்தம் நின்றது. இலையில் ஒரு பருக்கை இல்லை. டிரைவர் சீட்டின் நடுவில் யாரோ உட்கார்ந்து எழுந்த பள்ளம். கை வைத்துப் பார்த்தேன். பள்ளம் வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். அப்போது, என் முழங்கால் உயரத்தில், மறுபடியும் டொக்.

வேட்டி கழன்று விழுந்ததை வீட்டுக்குள் வந்த பிறகுதான் பார்த்தேன்.

இராஜமாணிக்கத்தை உண்டாக்கியவன் நான். பேர் வைத்ததும் நான். இந்த விஷயத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

மறுநாள் காலையில் காபியை வைத்தபடி ஹேமா சாதாரணமாகச் சொன்னாள்.

"அண்ணன் கனவுல வந்தாரு."

"எந்த அண்ணன்?"

"இராஜமாணிக்கம் அண்ணன்தான். காருக்கு ஏழாம் நம்பர் போடணுமாம். வெள்ள வட்டத்துல கறுப்பு ஏழு."

தம்ளரைக் கீழே வைத்தேன். வெள்ளை வட்டத்தில் கறுப்பு ஏழு. அது என் மனசுக்குள் இருந்த ஆசை. ஒருத்தரிடமும் வாய் திறந்ததில்லை.

"வேற... வேற இன்னா சொன்னாரு?"

"அந்தக் காலத்து ரேஸ் கார்ல ரெண்டு பேரு போவாங்களாமே? ஓட்றவரு ஒருத்தரு, பக்கத்துல மெக்கானிக் ஒருத்தரு. அந்த சீட்டு காலியா கீதாம். அடுத்த அமாவாசைக்கு ஜெயவேல அனுப்பி வையின்னாரு."

கல்யாணமான நாளிலிருந்து என் பேரை அவள் வாயால் சொன்னதே இல்லை. முதல் தடவை சொன்னாள். அதுவும் வேறு யாரோ கூப்பிடுகிற குரலில்.

"நீ இன்னா சொன்ன?"

"கூப்ட்டா வந்துடுவாரு அண்ணேன்னு சொன்னேன்."

"ஏண்டி அப்படிச் சொன்ன!"

"ஆவி கேக்கும்போது பொய்யா சொல்வாங்க?"

ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் உடைந்துவிட்டேன்.

"ஹேமா, ஜல்தியா அந்த இரும்புக்காரர வரச் சொல்லு!"

"ஐயய்யோ, வெளிய தள்னா அவரு வூட்டுக்குள்ள வந்துடுவாருன்னீங்களே?"

"வரமாட்டாரு!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்படி ஒருத்தரே கெடையாது! நான் வுட்ட கதை!"

"அப்ப எதுக்குங்க நடுங்கறீங்க?"

இரும்புக்காரரைக் கூப்பிடச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பத்தே நிமிஷத்தில் இரும்புக்காரர் டிராக்டரோடு வந்து நின்றார். போளூரிலிருந்து பத்து நிமிஷத்தில் வர முடியாது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. கார் தெரு திரும்பியபோது நிஜமாகவே அழுதேன். ஹேமா பின்சீட்டுச் சாக்கிலிருந்து எடுத்து வைத்த பூனையும் மூன்று குட்டிகளும் என்னைப் பார்த்தன.

"வடைய நான் சாப்ட்டேன். மீதி இலைய வழிச்சது இதுதான்" என்றாள். "முன்சீட்டுல தூங்கறதும் இதுதான்."

"டொக் டொக்?"

"கொட்டாய்க்குப் பின்னாடி உக்காந்து புளி தட்டிகினு இருந்தேன். பத்து நாளா தட்றேன். தறிச் சத்தத்துல உங்களுக்கு எங்க கேக்கும்?"

"ஏழு?"

"புத்தகம் பூரா பென்சில்ல ஏழு ஏழுன்னு எழுதி வச்சிக்கிறீங்க. ரெண்டு பேரு போற கதையும் அதுலதான் போட்டிருக்கு. படம் பாத்தா போதுமா? எழுத்தயும் படிக்கணும்."

சித்திரையில் கொட்டாயில் தறி போட்டோம். கோர்வைப் புடவைத் தறி. அதில் ஒருவர் உட்கார்ந்து நெய்வார். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்கிறபோதெல்லாம் கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிவிட வேண்டும். போனதுதான் போனது, தறியாவது என்னுடையது என்று மனசைத் தேற்றிக்கொண்டு, குளித்து, விபூதி பூசிக்கொண்டு போனேன். நெய்கிற இடத்தில் ஹேமா உட்கார்ந்து மிதியில் காலை வைத்திருந்தாள்.

"பக்கத்து சீட்டு காலியா கீது. வாங்க."

ஆவி கூப்பிட்டிருந்தால் ஓடியிருப்பேன். கூப்பிட்டது ஹேமா, போய் உட்கார்ந்தேன்.