மாலை மாற்றிய கம்ப்யூட்டர் பொம்மைகள்

கம்ப்யூட்டரே தெரியாதவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. அரைகுறையாகத் தெரிந்து, அதைச் சொந்தக்காரர்களிடம் வேறு சொல்லிவிட்டவனைத்தான் கட்டிப்போட வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் கோயமுத்தூரில் அப்படி அவிழ்த்துவிடப்பட்டிருந்தவன் நான்.

காந்திபுரத்தில் ஒரு மாடியில் அனிமேஷன் படித்தேன். (படித்தேன் என்பது மரியாதைக்கு. ஒரு பந்தைக் குதிக்க வைத்திருந்தேன். அதுவும் தரைக்குள் போய்விட்டுத்தான் மேலே வரும்.) இந்தத் தகுதியோடு, கோபிசெட்டிபாளையத்தில் பெரியப்பா மகள் வசந்தியின் கல்யாணத்துக்கு வலியப் போய் வாக்குக் கொடுத்தேன்.

"பொண்ணும் மாப்பிள்ளையும் கம்ப்யூட்டர்ல மாலை மாத்துவாங்க பெரியப்பா. வரவேற்புல டிவில போட்டுரலாமுங்க."

"சொதப்பிப்போட மாட்டியே கண்ணு?"

"வெளிநாட்டுக்காரனே இப்படித்தானுங்க பண்றான்." (வெளிநாட்டுக்காரன் எவனும் பக்கத்தில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.)

மாப்பிள்ளை பொம்மையைச் செய்தேன். பெண்ணைத் தனியாகச் செய்யச் சோம்பல். அவனையே நகலெடுத்து, மீசையை நீக்கி, சேலை உடுத்தினேன். பின்னால் நிற்கும் உறவினர் கூட்டமும் அவனேதான். ஒவ்வொரு பொம்மையையும் தனித்தனியே ஆட்டிப் பார்த்தேன். அழகாகக் கை தூக்கின. எல்லாவற்றையும் சேர்த்துப் படமாக்கி முடிக்க அந்தக் கம்ப்யூட்டர் வரவேற்பு நாள் மதியம்வரை முக்கியது. ஓட்டிப் பார்க்க நேரமில்லை. மேதைக்கு எதற்குச் சோதனை? திரும்பத் திரும்ப ஓடும்படி கேசட்டில் பதிந்துகொண்டு பஸ் ஏறினேன்.

மண்டபத்தில் முன்வரிசை முழுக்க மாப்பிள்ளை வீட்டார். தாலி கட்டுவது மறுநாள் காலையில்தான்.

டிவியில் பெண் பொம்மை மாலையோடு கையைத் தூக்கியது. மாப்பிள்ளை பொம்மை ஓரடி கூடுதலாக முன்னால் வந்துவிட்டது. மாலை அந்தரத்தில் நிற்க, கை மட்டும் அவன் கன்னத்தில் இறங்கியது. அடுத்து, ஆசீர்வதிக்க வேண்டிய உறவினர்கள் ஒரே நேரத்தில் கை தூக்கினார்கள். ஒவ்வொரு கையும் முன்னால் நின்றவர் பிடரியில் விழுந்தது. முடிந்ததும் மறுபடி முதல் அறை.

மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்துவிட்டார். "ஏனுங்க, பொண்ணூட்டுக்காரங்க இப்பவே எங்க பையன அடிச்சுப் பழகறீங்களா?"

அவர் பின்னால் நாலைந்து பேர் துண்டை உதறி எழுந்தார்கள். பெரியப்பா கும்பிட்டபடி ஓடினார். டிவியை அணைக்கப் பாய்ந்த நான் பதற்றத்தில் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். அடுத்த அறை, படத்தில் நான் சேர்த்திருந்த கெட்டிமேளத்தோடு விழுந்தது.

மேடையில் மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உக்காருங்க மாமா! இத்தன பேரு முன்னால வாங்கிப்போட்டேன். இனி ஊட்டுல வாங்குனா என்னங்க?"

மண்டபமே சிரித்தது. மாமனும் வேறு வழியின்றி உட்கார்ந்தார். பெரியப்பா மட்டும் கல்யாணம் முடியும்வரை என்னைச் சமையல்கட்டைத் தாண்டி வரவிடவில்லை.

இன்றும் அவர்கள் வீட்டில் சண்டை வந்தால் மாப்பிள்ளை போன் செய்வார். "மச்சான், இன்னைக்கு எங்கூட்டுல உங்க படம் ஓடுச்சுங்க."

பின்னாலிருந்து வசந்தி கத்துவாள். "நா ஒண்ணும் பண்ணலீங்ணா! அவராத்தான் முன்னால வந்தாரு!"

படத்தைப் பொறுத்தவரை அவள் சொல்வதுதான் சரி.