பொன்னாடை போர்த்திய பொறுப்பு

உலகம் இன்னும் கழன்று விழாமல் சுற்றுகிறது என்றால், அதற்குக் காரணம் செவ்வாப்பேட்டை ஆதிநாராயணன்தான். இதில் அவருக்கே சந்தேகம் இருந்ததில்லை.

திருவள்ளூரில் ஓர் ஆபீஸில் அவர் தலைமைக் குமாஸ்தா. ரயிலைத் தவறவிட்டால் என்ன ஆவது என்று, முந்தின ரயிலுக்கே ஸ்டேஷனுக்குப் போய்விடுவார். போனதும், ஸ்டவ்வை அணைத்தோமா என்று நெஞ்சு திக்கென்னும். வீட்டுக்கு ஓடுவார். ஸ்டவ் அணைந்துதான் இருக்கும்; இரண்டு ரயிலும் போயிருக்கும். எமர்ஜென்சி காலத்தில் தாமதமாக வந்தவர்கள் எல்லாம் நடுங்கினார்கள். இவருக்கு மட்டும், 'தேசத்தின் மண்ணெண்ணெயைக் காக்கச் சென்றார்' என்று குறிப்பு எழுதினார் அதிகாரி லோகநாதன்.

வீட்டில் பிள்ளைகளுக்குத்தான் இந்தப் பொறுப்பு சித்திக்கவில்லை. மூத்தவன் பூவராகவன், வாலிபன், நகத்தைக் கடித்துக்கொண்டு, சாப்பிடக் கூப்பிட்டாலே எரிந்து விழுந்தான். அது 'திமிர்'. சின்னவள் சம்பூர்ணத்துக்குப் பள்ளிக்கூட நேரத்தில் வயிறு வலித்தது. அது 'வேஷம்'.

"கொழந்த எதுக்கோ பயந்துக்கினு கீது. தர்காவுக்கு இட்டுக்கினு போய் மந்திரிக்கலாங்க" என்றாள் மனைவி செங்கம்மாள்.

"பயமா? நம்ம வம்சத்துலயே கெடையாது. இன்னொரு தபா வயிறு வலின்னு சொன்னா, கும்மிடிப்பூண்டி அத்த ஊட்லயே வுட்டுடுவேன்."

சொல்லிவிட்டு, கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை மறுபடியும் இழுத்துப் பார்த்தார். அத்தை வீட்டை நினைத்து சம்பூர்ணம் அன்றிலிருந்து வயிற்று வலி என்று வாயைத் திறக்கவில்லை.

ஆபீஸில் 'பொறுப்புணர்ச்சி விழா' நடந்தது. குடும்பத்தோடு வர உத்தரவு. லோகநாதன் பொன்னாடை போர்த்தி முழங்கினார்:

"நம்ம ஆதிநாராயணன் ராத்திரியில தூங்கவே மாட்டார். ஆபீஸ் பத்திக்கினா இன்னா பண்றதுன்னு யோசிச்சிக்கினே இருப்பார். தெனமும் காலைல வயித்தக் கலக்கும். ஒரு நாள் லீவு கேட்டாரா? இவர் மாதிரி எல்லாரும் இருக்கணும்."

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. ஆதிநாராயணன் நெகிழ்ந்துபோனார். மேடையை விட்டு இறங்கும்போதே, பொன்னாடையைப் பூச்சி அரித்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை பிடித்துக்கொண்டது.

முன்வரிசையில் சம்பூர்ணம் வயிற்றை அமுக்கிக்கொண்டு குனிந்திருந்தாள். நன்றிப் பாட்டு அவள் பாட வேண்டும்.

"ஏந்திரு. வேஷம் போட்டா நாளைக்கே அத்த ஊடு" என்று பல்லைக் கடித்தார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நைனா, ஒனக்கும் தூக்கம் வர்லியா? ஒனக்கும் காலைல வயித்தக் கலக்குதா?" என்று கேட்டாள். "அப்போ ஒனக்கு மட்டும் சால்வ போட்றாங்க. எனக்கு ஏன் அத்த ஊடு?"