ஆச்சூ என்றால் நன்றி

வகுப்புக்குப் புதிதாக வந்த சிறுமியிடம் "உட்காரும்மா" என்று சொல்வதற்கே குன்வோர் டீச்சருக்கு ஒரு மடிக்கணினி தேவைப்பட்டது.

சிறுமியின் பெயர் பிரூத்தே பெத்ரவுஸ்காஸ். ஓலெசுண்ட் துறைமுகத்தை ஒட்டிய பள்ளியில், மூன்றாம் வகுப்பில் அன்று காலைதான் சேர்ந்திருந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை, வாய் திறக்கவில்லை. பெயரைப் பார்த்ததுமே குன்வோருக்குப் புரிந்துவிட்டது. லிதுவேனியாவிலிருந்து வந்த குடும்பம். நார்வே மொழி ஒரு சொல்லும் தெரியாது, பாவம்.

மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டும் என்று தலைமை ஆசிரியர் ஸ்வேர்ரேவிடம் போய் நின்றார்.

"ஆளுக்கு எங்க போறது? நகராட்சிக்காரன் பென்சில் வாங்கித் தரவே மூக்கால அழுவுறான்," என்றார் ஸ்வேர்ரே. "இணையத்துல எல்லாம் இலவசமாக் கொட்டிக் கிடக்குதே, அதை வச்சு ஒப்பேத்துங்க."

குன்வோருக்கு ஒப்பேற்ற மனமில்லை. எட்டு வயதில் அவரும் வடக்கே ஒரு தீவிலிருந்து இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர்தான். அவருடைய தீவுப் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு கோடை விடுமுறை வரும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. எந்த ஆசிரியரும் அவர் மேசைப் பக்கம் வந்து குனிந்து என்னவென்று கேட்கவுமில்லை.

முதலில் மொழிபெயர்ப்புத் தளம். "நீ பயப்பட இங்கே ஒன்றுமில்லை" என்று தட்டினார். கொக்கியும் வாலுமாக எழுத்துகள் திரையில் வந்து விழுந்தன. பிரூத்தே அதை வெகு நேரம் பார்த்தாள். பிறகு, ஆவலோடு காத்திருந்த டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். மெல்லத் தலையாட்டினாள்.

பதிலுக்கு அவளும் தட்டினாள்: "சாப்பாட்டு டப்பாவை வீட்டுல மறந்துட்டேன்."

"என்ன மொழிபெயர்ப்புங்கறீங்க!" என்று ஆசிரியர் அறையில் குன்வோர் வியந்துபோனார். "அவ எழுதினா நம்ம பேச்சுநடைகூட அப்படியே வருது. நான் எழுதறதைப் படிக்கத்தான் பிள்ளை திணறுது."

அந்தத் திணறலைத் தீர்க்க, எழுதியதைச் சத்தமாக வாசிக்கும் இன்னொரு தளத்தைப் பிடித்தார். அது கப்பல் அறிவிப்பு போல முழங்கியதில் பிரூத்தே துள்ளி எழுந்தாள். பால் டம்ளர் கவிழ்ந்து பக்கத்துப் பையன் நனைந்தான்.

சரி, சத்தம் வேண்டாம் என்று படச் சீட்டுகள் அச்சிட்டார். கதவில் 'தூரீஸ்', ஜன்னலில் 'லாங்கஸ்' என்று வகுப்பு முழுக்க ஒட்டினார். அப்படியும் அந்தச் சிறுமி அவர் எதிரில் வாய் திறக்கவில்லை.

"நாம எல்லாரும் அவ பாஷையைக் கத்துக்கிட்டா என்ன?" என்றார் ஒரு திங்கட்கிழமை. "இனிமே யாரும் அவகிட்ட வகுப்புல நார்வே மொழியில பேசிக் குழப்பக் கூடாது. சரியா?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி ஏதோ சொல்லக் கையைத் தூக்கினாள். பிரூத்தே அவளைப் பார்த்த பார்வையில் கை தானாக இறங்கிவிட்டது.

விளையாட்டு போல மொழி கற்றுத்தரும் இலவசச் செயலி ஒன்று எல்லார் பலகைக் கணினியிலும் ஏறியது. புள்ளிகளுக்காகப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். பிரூத்தேயும் விழுந்து விழுந்து படித்தாள். ஆனாலும் ஏழாவது இடத்தைத் தாண்டவில்லை.

'மத்தவங்களுக்கு விட்டுக்கொடுக்கிறா. எவ்வளவு அடக்கம்!' என்று உருகினார் குன்வோர்.

இடைவேளையில் ஜன்னல் வழியாகப் பார்ப்பார். கூட்டத்தின் நடுவில் பிரூத்தே கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பாள். இவர் அருகில் போனால் சத்தம் நின்றுவிடும். அடுத்த நொடி கோரஸாக, "லாபஸ், டீச்சர்!" வணக்கம் சொல்கிறார்களாம். குன்வோருக்குக் கண் கலங்கிவிடும்.

பெற்றோரின் தொலைபேசி அழைப்புகள் தலைமை ஆசிரியருக்குத்தான் வந்தன.

"ஒரு அம்மா பையனைக் காய்ச்சல்னு மூணு நாளா போர்வைக்குள்ள போட்டு வச்சிருக்காங்க," என்றார் ஸ்வேர்ரே. "எதைக் கொடுத்தாலும் ஆச்சூ ஆச்சூன்னு தும்முறானாம்!"

"அது தும்மல் இல்ல. ஆச்சூன்னா நன்றி."

"நார்வே மொழிப் பரீட்சையில பாதிப் பேர் அந்தப் பாஷையில எழுதி வச்சிருக்காங்க. ஒரு பிள்ளைக்காக வகுப்பையே கவுத்துட்டீங்களே, குன்வோர்."

"ஒரு பிள்ளை மட்டும் தனியா உட்கார்ந்து தடுமாறணுமா? எல்லாரும் சேர்ந்து தடுமாறட்டும். ஒண்ணும் குடிமுழுகிடாது."

"பெற்றோர் கூட்டத்துல நீங்களே வந்து விளக்குங்க" என்பதோடு ஸ்வேர்ரே விட்டுவிட்டார்.

கூட்டத்தன்று சுடச்சுட வார்த்த வாஃபிள் பலகாரத்தின் வாசனை அறையை நிறைத்திருந்தது. முன்வரிசையில் பிரூத்தேயும் அவள் அப்பாவும். கப்பல் பட்டறைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்த நெட்டை மனிதர் அவர். குன்வோர் மனப்பாடம் செய்த லிதுவேனிய உரையை ஒரு தடுக்கலும் இல்லாமல் பேசி முடித்தார். உங்கள் மகள் இந்த வகுப்புக்குக் கிடைத்த பரிசு என்பது அதன் சாரம்.

அப்பா எழுந்தார். நெற்றி வியர்த்திருந்தது. ஒவ்வொரு சொல்லாகக் கல்லைப் புரட்டுவது போலப் பேசினார். குன்வோரின் கைப்பேசி அதை உடனுக்குடன் மொழிபெயர்த்தது: "நன்றி. என் வாத்து சிவப்பு. நாங்கள் ரொட்டி சாப்பிடுகிறோம். ஆசிரியர் நல்லவர்."

அந்த ஊர்க் கவிதை போலிருக்கிறது என்று குன்வோர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். பிள்ளைகள் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். ஸ்வேர்ரேகூடக் கைதட்டினார்.

அப்போதுதான் பிரூத்தேயின் அம்மா மழைக்கோட்டை உதறியபடி, மூச்சிரைக்க உள்ளே வந்தாள். நேராகக் குன்வோரிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். தொண்டையில் உருளும் 'ர'வோடு, சுத்தமான பெர்கன் ஊர் நார்வே மொழியில் சொன்னாள்:

"மன்னிச்சுக்கோங்க டீச்சர், நாங்க நாலு தலைமுறையா நார்வேதான், எங்க வீட்டுல யாருக்கும் அந்தப் பாஷை ஒரு எழுத்து தெரியாது, 'எங்க டீச்சர் அவ்வளவு ஆசையாக் கத்துக்கறாங்க, யாராவது உண்மையைச் சொன்னா ஒடைஞ்சு போயிடுவாங்க'ன்னு இவ கிளாஸ் முழுக்க சத்தியம் வாங்கிட்டா, அதான் இவரும் அதே இலவசச் செயலியில உட்கார்ந்து படிச்சிட்டு வந்தாரு, பாஸாயிட்டாரா?"